அமுக்கிய டிஸ்க்கும் வேண்டாத வண்டுகளும்

அத்தியாயம் 17

போன வாரம் இந்த வீட்டில் மூன்று பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டு எழுந்தார்கள். அதைப் படிக்காதவர்களுக்கு இரண்டே வரியில் சொல்லிவிடுகிறேன். மகன் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையை ஊரின் மறு கோடிக்கு மாற்றிவிட்டார்கள். போக வர மூன்று மணி நேரம். அதனால் கடைக்குப் பக்கத்திலேயே மகனும் மருமகளும் ஒரு சின்ன வீடு பார்த்திருக்கிறார்கள். மாமனாரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு மாதமாக நாளைக் கடத்துகிறார்கள். இரண்டு வரி என்று சொல்லி நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வீட்டில் எதுவுமே சொன்ன அளவுக்குள் அடங்குவதில்லை என்பதை இன்றைய அத்தியாயத்தில் நீங்களே பார்ப்பீர்கள்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணி. மருமகளின் கம்ப்யூட்டர் 'டிக்... டிக்... க்ர்ர்' என்று சத்தம் போட்டது.

கம்ப்யூட்டர் மெக்கானிக் மேஜைக்கு அடியில் படுத்திருந்தார். எந்நேரமும் உதட்டில் ஒரு திருகாணியைக் கவ்விக்கொண்டே பேசுவதால் அவருக்கு அந்தத் தெருவில் 'ஸ்க்ரூ' என்றுதான் பெயர். அவர் திருகாணியைத் துப்பிவிட்டுப் பேசினால் விஷயம் மோசம் என்று அர்த்தம். இன்று துப்பினார்.

"மேடம், டிஸ்க் போகப் போகுது. சாயங்காலம் வரைக்கும் தாங்கலாம், தாங்காமலும் போகலாம். உள்ள இருக்கறதை உடனே வேற டிஸ்குக்கு மாத்திடுங்க. நடுவுல ஆஃப் மட்டும் பண்ணிடாதீங்க. திரும்ப எழுந்திருக்காது."

மருமகள் உடனே நாற்காலியை இழுத்து, சுவிட்ச் பக்கம் யாரும் போக முடியாதபடி போட்டாள்.

அவள் பூச்சி வரைபவள். விவசாயிகளுக்கான பெரிய கையேடு ஒன்றுக்காக மூன்று வருஷமாக உட்கார்ந்து 384 பூச்சிகளை வரைந்திருக்கிறாள். காகிதத்தில் அல்ல, பேனாப் பலகையில் வரைந்து நேராகக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றியவை. வேறெங்கும் பிரதி கிடையாது. கொசுவின் மீசை மயிரைக்கூட எண்ணிப் போட்டவளுக்கு, இன்னொரு பிரதி எடுத்து வைக்கத் தோன்றவில்லை. நாளைக் காலை பத்து மணிக்குப் பதிப்பகத்து ஆள் படங்களை வாங்க வருகிறார். இவள் தொழிலை வைத்துக் கணவன் செல்லமாக 'பூச்சி' என்று கூப்பிட, அதுவே வீட்டில் நிலைத்துவிட்டது.

"நான் நேத்தே சொன்னேனா இல்லையா? சத்தம் வரும்போதே புது டிஸ்க் வாங்கிட்டேன் பாரு" என்று சட்டைப் பொத்தானைப் போட்டபடி பெருமையோடு வந்தான் கணவன். "பழைய டிஸ்க்ல பிடிச்சிருக்கிற இடம் 460 ஜிபி. நான் வாங்கினது 500. நாப்பது மிச்சம்! எப்படி நம்ம கணக்கு?"

"பிரமாதம். மொதல்ல கிளம்புங்க, பஸ் போயிடும்."

அவன் போனான். ஸ்க்ரூவும் போனார். கூடத்தில் மாமனார் மட்டும் செய்தித்தாளை விரித்தபடி உட்கார்ந்திருந்தார். வழக்கமாக எதற்கெடுத்தாலும் யோசனை சொல்கிறவர், இன்று வாயே திறக்கவில்லை. மருமகள் அதைக் கவனித்திருக்க வேண்டும். அவளுக்கு இருந்த அவசரத்தில் கவனிக்கவில்லை.

மாமனாரைப் பற்றிப் புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏற்றுமதிக் கிடங்கு ஒன்றில் முப்பத்தைந்து வருஷம் பேக்கிங் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். காலி இடத்தைக் கண்டால் அவருக்குக் கை துறுதுறுக்கும். அந்த வீட்டில் ஷூவுக்குள் சாக்ஸ் இருக்கும், சாக்ஸுக்குள் உதிரி பல்பு இருக்கும். தெரியாமல் யாராவது ஷூவில் கால் விட்டால் அவர்தான் முதலில் பதறுவார், பல்புக்காக.

மருமகள் புது டிஸ்கைச் சொருகினாள். எல்லா போல்டர்களையும் ஒன்றாகப் பிடித்து இழுத்துப் போட்டாள். கம்ப்யூட்டர் சற்று யோசித்துவிட்டு, 'இடம் போதாது. இன்னும் 340 ஜிபி தேவை' என்றது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தாள். அதேதான். மறுபடி இழுத்தாள். அதே 340.

கணவனுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, 460ன்னு சொன்னீங்களே!"

"460தான் பூச்சி. என் கண்ணால பாத்தேன்."

"கடைக்குத்தானே போறீங்க? ஒரு தடவ கண்ணை டெஸ்ட் பண்ணிக்கோங்க. 840 வேணுமாம்!"

"அதெப்படி? இருக்கற டிஸ்கே 500தான். அதுக்குள்ள 840 எப்படி இருக்கும்?"

கேள்வி நியாயமானது. அடுத்து ஸ்க்ரூவுக்குப் போன் போட்டு, கை காலியாக இருக்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள்.

"மேடம், ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் ஸ்க்ரூ. "வீட்டுல யாராவது அந்த டிஸ்கை அமுக்கி வச்சிருக்காங்களா?"

கூடத்தில் செய்தித்தாள் சரசரத்தது.

"அமுக்கறதுன்னா?"

"டிஸ்க் மேல வலது க்ளிக் பண்ணினா ஒரு கட்டம் வரும் மேடம். 'இடத்தை மிச்சப்படுத்த டிஸ்கை அமுக்கவா?'ன்னு கேக்கும். அதுல டிக் போட்டா எல்லா பைலையும் அமுக்கி அமுக்கி பாதி இடத்துல வச்சிடும். திறக்கறப்ப தானா விரிஞ்சுக்கும், வித்தியாசமே தெரியாது. ஆனா வேற டிஸ்குக்குக் கொண்டு போனீங்கன்னா, அங்க போய் முழுசா விரிஞ்சு உக்காந்துக்கும். அதான் 460 இப்ப 840 ஆயிருக்கு."

"யாரு டிக் போட்டிருப்பா? எனக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாதே."

மருமகள் சொல்லிக்கொண்டே கூடத்தை எட்டிப் பார்த்தாள். மாமனார் செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தார். நான்காக மடித்தார். எட்டாக மடித்தார். பதினாறாக மடித்து முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்தினார்.

"மாமா."

"ம்?"

"நீங்களா?"

"மூணு வாரம் ஆச்சும்மா" என்றார், தரையைப் பார்த்தபடி. "டிஸ்க் நிறைஞ்சுடுச்சு, செவப்புக் கோடு காட்டுதுன்னு நீ புலம்பினியே, அன்னிக்குத்தான். நீ குளிக்கப் போனப்ப ஒரு டிக் போட்டேன். மறுநாள் பாத்தா பாதி டிஸ்க் காலி. நீகூட 'அப்பாடா, தானா சரியாயிடுச்சு'ன்னு சந்தோஷப்பட்டு, அச்சுக்குன்னு எல்லாப் படத்தையும் பெருசாக்கிப் போட்டு மறுபடி நிரப்பினே. நான்தான் செஞ்சேன்னு சொல்லிக்க வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்காம கை வச்சதுக்குத் திட்டுவியோன்னு மென்னு முழுங்கிட்டேன்."

திட்டத்தான் போனாள். அதற்குள் வேறொரு பயம் அவளைப் பிடித்துக்கொண்டது.

"ஐயோ! என் பூச்சிங்க! கால் கையெல்லாம் நசுங்கியிருக்குமே!"

ஓடிப்போய் ஒரு கொசுவைத் திறந்து பெரிதாக்கினாள். ஆறு கால்களையும் எண்ணினாள். மீசையை எண்ணினாள். எல்லாம் இருந்தன. நம்பிக்கையில்லாமல் ஒரு மரவட்டையையும் திறந்து கால்களை எண்ணத் தொடங்கினாள்.

மாமனாருக்குச் சுருக்கென்றது. "முப்பத்தஞ்சு வருஷம்! என் கையால பேக் பண்ணிப் போன சரக்குல ஒரு கண்ணாடி டம்ளர் விரிசல் விட்டதில்ல. கொசுக் காலையா உடைப்பேன்?"

"சாருக்குச் சொல்லுங்க மேடம், ஒண்ணும் உடையாது" என்றது ஸ்பீக்கர். "உங்க படம் இவ்வளவு நல்லா அமுங்கினதுக்குக் காரணம் வெள்ளை. ஒரு பூச்சி இருக்கு, சுத்தி வெறும் வெள்ளைதானே? வெறும் வெள்ளையை ரொம்ப நல்லா அமுக்கலாம்."

"அதைத்தான் நானும் நெனைச்சேன்!" மாமனார் எழுந்தே விட்டார். "ஒரு கொசு, அதுக்கு ஒரு மைதானம். என்ன அநியாயம்!"

"மாமா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. அண்ணே, இப்ப என்ன பண்றது? பெரிய டிஸ்க் வாங்கிடட்டுமா?"

"எங்கிட்டயும் இல்ல, கடையிலயும் இல்ல. சொன்னா நாளைக்கு மத்தியானம் வரும். உங்க டிஸ்க் அதுவரைக்கும் காத்திருக்காது. ஒரு வழி இருக்கு. புது டிஸ்க்லயும் அதே டிக்கைப் போடுங்க. ஆனா மொத்தமா இழுக்காதீங்க. கம்ப்யூட்டர் ஒரு பயந்தாங்கொள்ளி. விரிச்ச அளவுக்கு இடம் இருந்தாத்தான் உள்ள விடும். ஒவ்வொரு போல்டரா கொடுங்க. ஒண்ணை வாங்கி அமுக்கி வச்சுட்டு, அடுத்ததுக்கு வாயைத் திறக்கும்."

மருமகள் போனை வைத்தாள். எந்த டிக்கை இனி ஜென்மத்துக்கும் போடக் கூடாது என்று ஒரு நிமிஷம் முன்னால் தீர்மானித்தாளோ, அதே டிக்கைத் தன் கையாலேயே போட வேண்டியதாயிற்று. 'பாத்தியா' என்று சொல்லாமல் இருக்க மாமனார் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

"எழுந்திரும்மா" என்றார் பிறகு. "இது என் வேலை."

இங்கேதான் மருமகளுக்கு அடுத்த திகில். அந்த டிஸ்கில் புது வீட்டின் வரைபடம் இருந்தது. இன்னும் கையெழுத்துப் போடாத வாடகை ஒப்பந்தம் இருந்தது. வீட்டுக்காரர் அனுப்பிய போட்டோக்கள் இருந்தன. யார் கண்ணிலும் படக் கூடாது என்று எல்லாவற்றையும் ஒரு போல்டரில் போட்டு, அதற்கு 'வண்டு - வேண்டாதவை' என்று பெயர் வைத்திருந்தாள். பூச்சிகளுக்கு நடுவில் ஒளிந்திருந்தால் யார் தேடப் போகிறார்கள்?

"வேண்டாம் மாமா, நானே பண்றேன்."

"நீ பயத்துல எதையாவது விட்டுடுவே. நகரு."

"மாமா..." அவள் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள். "அன்னிக்கு டிக் போட்டப்ப, போல்டரெல்லாம் திறந்து பாத்தீங்களா?"

"பேக் பண்றவன் பெட்டியைத்தான் பாப்பான்மா. உள்ள இருக்கற பொருளைப் பாக்கமாட்டான். அது தொழில் தர்மம்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து கைவிரல்களைச் சொடுக்கினார்.

அப்புறம் நடந்ததைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். அந்த அறை ஒரு கிடங்காகவே மாறிவிட்டது. மருமகள் கையில் ஒரு பட்டியலைக் கொடுத்து, பக்கத்தில் நிற்க வைத்தார். எதை முதலில் ஏற்றுவது, எதைப் பின்னால் ஏற்றுவது என்று அவருக்கு ஒரு வரிசை இருந்தது.

"உடைஞ்சா திரும்பக் கிடைக்காதது மொதல்ல. கடையில கிடைக்கறது கடைசியில. உன் பூச்சி எல்லாம் முன்னாடி. கொசு!"

"கொசு" என்று அவள் பட்டியலில் கோடிட்டாள்.

"கொசு ஏறிடுச்சு! அந்துப்பூச்சி!"

"அந்து."

"அந்து ஏறிடுச்சு! வெட்டுக்கிளி ரெண்டு போல்டர். ஒண்ணு, ரெண்டு. பேன்... ஏம்மா, பேனுக்கு இவ்வளவு இடமா?"

"ஒவ்வொரு மயிரா வரைஞ்சேன் மாமா."

"யாரு தலையில பாத்தே?"

"மாமா!"

மதியம் வரை இப்படியே போயிற்று. டிஸ்க் நடுநடுவே 'க்ர்ர்' என்று இழுக்கும். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். மறுபடி ஓடத் தொடங்கியதும் அவர் "அடுத்தது!" என்பார். ஒரு மாதமாக அவர்கள் இவ்வளவு பேசிக்கொண்டதில்லை. உள்ளே ஒரு பொய்யை வைத்துக்கொண்டு அவரோடு சிரித்துப் பேச முடியாமல், அவள்தான் இத்தனை நாளாக ஒதுங்கி ஒதுங்கிப் போனாள். இன்று அதையும் மறந்து சிரித்தாள். சிரித்துவிட்டு உடனே நினைவு வந்து குற்ற உணர்ச்சியில் குறுகினாள்.

மூன்று மணிக்குக் கணவன் போன் செய்தான்.

"பூச்சி, வீட்டுக்காரர் விடாம கேக்கறார். இன்னிக்குள்ள சொல்லலைன்னா வேற ஆளுக்குக் கொடுத்துடுவாராம்."

ஒரு முழம் தள்ளி மாமனார். மருமகள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"வண்டு விஷயமா? அதை இப்ப பேச முடியாதுங்க."

"என்ன வண்டு? நான் வீட்டைப் பத்திப் பேசறேன்."

"ஆமா, அந்த வண்டுதான். ஒரு ரூம்... ஒரு கொம்பு வண்டு."

"ஓ! அப்பா பக்கத்துல இருக்காரா?"

"ஆமா, கொம்போட."

போனை வைத்தாள். மாமனார் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "இவன் எப்போலேர்ந்தும்மா வண்டைப் பத்திக் கவலைப்பட ஆரம்பிச்சான்?" என்றார்.

"இப்பத்தான் மாமா. ஆர்வம்."

"நல்லதுதான். எட்டு வயசுல கரப்பான்பூச்சியைப் பாத்து அலமாரி மேல ஏறி உக்காந்தவன்."

ஐந்து மணிக்குப் பூச்சிகள் எல்லாம் ஏறிவிட்டன. இன்னும் இரண்டே இரண்டு போல்டர்கள். ஒன்று, 'வண்டு - வேண்டாதவை'. இன்னொன்று மாமனாருடையது: இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டுக்கு வந்த ஒவ்வொரு மெஷினின் விளக்கப் புத்தகமும், பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்யப்பட்டு. மெஷின்களில் முக்கால்வாசி எப்போதோ மண்டையைப் போட்டுவிட்டன. புத்தகங்கள் மட்டும் சிரஞ்சீவியாக இருந்தன. தினமும் ஒரு மணி நேரம் அவர் அதைத் திறந்து அடுக்குவார், பெயர் மாற்றுவார், மறுபடி அடுக்குவார்.

டிஸ்க் இப்போது 'க்ர்ர்' என்பதை நிறுத்திவிட்டு 'டக், டக்' என்று அடிக்கத் தொடங்கியிருந்தது.

"உங்களோடதை ஏத்துங்க மாமா, சீக்கிரம்!"

"உன் வண்டு?"

"அது வேண்டாதது மாமா. பேரே அதானே? விட்டுடுங்க."

உண்மையில் அவளுக்கு அது தொலைந்தால் போதும் என்றிருந்தது. ஒப்பந்தத்தின் இன்னொரு பிரதி கணவனிடம் இருக்கிறது.

மாமனார் ஒரு கணம்தான் யோசித்தார். பிறகு அவளுடைய போல்டரைப் பிடித்து இழுத்துப் புது டிஸ்கில் போட்டார்.

"மாமா! உங்களோடது!"

"உன் பொருளை விட்டுட்டு நான் எப்படிம்மா என்னோடதை ஏத்துவேன்?"

பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்து முடிந்தது. அப்புறம்தான் தன் புத்தகங்களை இழுத்தார். ஒரு மின்விசிறி ஏறியது. ஓர் இஸ்திரிப் பெட்டி ஏறியது. வாஷிங் மெஷின் பாதி ஏறும்போது டிஸ்க் நின்றுவிட்டது. திரை அப்படியே உறைந்தது. அவர் காதை வைத்துக் கேட்டார். சத்தமே இல்லை.

"ஐயோ மாமா, இருபத்திரண்டு வருஷம்..."

"போனா போகட்டும்மா. மெஷினே போயிடுச்சு, புத்தகம் எதுக்கு?" என்று எழுந்தார். நாள் முழுக்க உட்கார்ந்ததில் முழங்கால் நீட்ட வரவில்லை. "நீ எண்ணிப் பாரு. நான் டீ போடறேன்."

மருமகள் புது டிஸ்கைக் கணவனின் லேப்டாப்பில் சொருகினாள். எண்ணினாள். 384. சந்தேகம் வந்து இன்னொரு முறை எண்ணினாள். 384. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்று வருஷமும் ஒரு கால் உடையாமல் அவள் முன்னால் இருந்தது. இனியும் இவரிடம் மறைத்தால் தன்னைப்போல நன்றிகெட்டவள் கிடையாது என்று நினைத்தாள். டீ வந்ததும் வாயைத் திறந்து சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

அதற்குள் போன் அடித்தது. கணவன்.

"பூச்சி, வீட்டுக்காரர் என் எதிர்லயே நிக்கறார். சரின்னு சொல்லிடட்டுமா?"

"ஒரு நிமிஷம் இருங்க."

எதைப் பார்த்துச் சரி சொல்வது? வரைபடத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று வேண்டாத வண்டுகளைத் திறந்தாள். ஒப்பந்தம், போட்டோக்கள், வரைபடம். நான்காவதாக, அவள் போடாத ஒரு பைல் இருந்தது. தேதி மூன்று வாரத்துக்கு முந்தையது.

திறந்தாள்.

புது வீட்டின் அதே வரைபடம். அதன்மேல் யாரோ சின்னச் சின்னக் கட்டங்கள் போட்டு இந்த வீட்டுச் சாமான்களை அந்த வீட்டுக்குள் ஒவ்வொன்றாக அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் நீளம், அகலம். கட்டில் கதவில் இடிக்காமல் திரும்பியிருந்தது. புத்தக அலமாரி சமையலறைச் சுவரோடு ஒட்டியிருந்தது. அவள் வரையும் மேஜை ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தது, 'இடது பக்கம் வெளிச்சம்' என்ற குறிப்போடு. ஒரு விரல் இடம் வீணாகவில்லை. அவ்வளவு கச்சிதமாக அந்த ஒற்றைப் படுக்கையறை வீட்டை அடுக்க உலகத்தில் ஒரே ஒருவரால்தான் முடியும்.

கீழே ஒரு பட்டியல்.

'இடம் இல்லாதவை: மர பீரோ. இரும்புப் பெட்டி. தையல் மெஷின். நான்.'

மருமகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துகள் கலங்கின.

"என்னம்மா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "எல்லாம் ஏறிடுச்சா?"

"இல்ல மாமா" என்றாள். "ஒண்ணு விட்டுப்போச்சு."

"என்ன விட்டுப்போச்சு?" என்று போனில் கத்தினான் கணவன். "பூச்சி, அவர் செருப்பை மாட்டிக்கிட்டார். சரியா, வேண்டாமா, சொல்லு!"